அதிரடி ஆட்டக்காரர்களைச் சமாளிக்க ஒரு போக்கர் பயிற்சித் தொடர்: மூன்று மாதம் பார்த்த பிறகு

எல்லாக் கைக்கும் ரைஸ் (பந்தயத்தை ஏற்றுவது), எல்லாத் தெருவிலும் (பந்தயச் சுற்றிலும்) பெட், செக் (பந்தயம் போடாமல் விடுவது) என்ற வார்த்தையே வாயில் வராது. போக்கர் மேஜையில் இப்படி ஒருவர் உட்கார்ந்துவிட்டால் என் ஆட்டம் கெட்டுவிடும். முதல் ஒரு மணி நேரம் பயந்து ஃபோல்ட் செய்வேன் (சீட்டைப் போட்டு விலகுவேன்), அடுத்த ஒரு மணி நேரம் கோபத்தில் கால் செய்வேன் (எதிராளி போட்ட அளவே நானும் போடுவேன்), இரண்டிலும் சிப் போகும். அதனால்தான் இவர்களை எதிர்கொள்வதற்கென்றே வந்த ஒரு ஆன்லைன் வீடியோ தொடரை வாங்கினேன். கூடவே கைகளைப் போட்டுப் பழகுவதற்கு ஒரு பயிற்சிக் கருவியும் தருகிறார்கள். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் குறையும் சொல்லப் போகிறேன், இதே அமைப்பில் வேறு தொடர்களும் இருக்கின்றன, எதை வாங்கினாலும் இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மொத்தம் நாலு பகுதி. முதல் பகுதி அடிப்படை, ஆறு பேர் மேஜையில் ஓரளவு நன்றாக ஆடுகிறவர் நூறு கையில் இருபத்தைந்து கை போல விளையாடுவார், அதிரடிக்காரர் ஐம்பதுக்கு மேல் போவார் என்பது போன்ற விஷயங்கள். கொஞ்ச நாள் ஆடியவர்கள் தாண்டிப் போகலாம். இரண்டாவது பகுதி எங்கே உட்காருவது என்பதைப் பற்றி, சின்னதுதான், ஆனால் உடனே பயன்பட்டது. அந்த ஆள் உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், அதாவது அவர் முதலில் செய்யட்டும், நீங்கள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அவர் ரைஸ் செய்ததும் ஏஸ்-பத்து, கிங்-ஜாக், எட்டு ஜோடி மாதிரி கைகளோடு மறுபடி ரைஸ் செய்து மற்றவர்களை விரட்டிவிட்டு அவரோடு தனியாக ஆடுவது எப்படி என்று காட்டுகிறார்கள். அவர் ஃபோல்ட் செய்யவே மாட்டார் என்பதால் இங்கே வெறும் பிளஃப்புக்காக (நல்ல கை இருப்பதுபோல் மிரட்டுவதற்காக) மறு ரைஸ் செய்யாதீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். என் பழைய கணக்கில் பாதி நஷ்டம் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

பணத்துக்கு மதிப்பு மூன்றாவது பகுதியில்தான். எதிராளியிடம் என்னென்ன கை இருக்கலாம் என்று விரல் விட்டு எண்ணக் கற்றுத் தருகிறார்கள். படித்துவிட்டு ஆடிய ஒரு கையையே சொல்கிறேன். பிளைண்ட் (இரண்டு பேர் முன்னாலேயே கட்டாயமாகப் போடும் தொகை) 1, 2. நான் பிக் பிளைண்டில் (2 போடும் இடம்), கையில் டைமண்ட் கிங், டைமண்ட் ஜாக். பட்டனில் (டீலர் இடத்தில்) இருந்த அதிரடிக்காரர் 6 போட்டார், கால் செய்தேன், சின்ன பிளைண்டின் 1-ஐயும் சேர்த்துப் பாட்டில் (நடுவில் சேரும் பணத்தில்) 13. ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) ஜாக், எட்டு, நாலு. அவர் 9, நான் கால். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) இரண்டு. அவர் 22, மறுபடி கால். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) இன்னொரு இரண்டு, ஃப்ளஷுக்கு (ஒரே சூட்டில், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) வழியே இல்லை, பாட்டில் 75 இருக்கும்போது முழு 75-ஐயும் தள்ளிவிட்டார்.

150 ஜெயிக்க 75 போடுகிறேன், மூன்றில் ஒரு தடவை நான் ஜெயித்தால் போதும். என்னைத் தோற்கடிக்கும் முக்கியமான கைகள் என்ன? ஏஸ் ஜோடி 6 விதம் (நாலு ஏஸில் இரண்டு சேரும் வழிகள்), குயின் ஜோடி 6, ஒரு கிங் என்னிடம் இருப்பதால் கிங் ஜோடி 3, ஏஸ்-ஜாக் 8, எட்டு ஜோடியும் நாலு ஜோடியும் மூன்று மூன்று, ஜாக் ஜோடி 1, 2-2 ஜோடி 1, ஜாக்-எட்டு 6. மொத்தம் 37. அதில் பாதி அளவுக்குப் பிளஃப் இருந்தாலே கால் சரி, அதாவது 19. இவர் எதையும் விடாமல் ஆடுகிறவர், ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) காத்திருந்து தவறவிட்ட குயின்-பத்து, பத்து-ஒன்பது, ஒன்பது-ஏழு மூன்றும் அவரிடம் தலா 16 விதம், மூன்றிலும் சேர்த்து 48. பாதியைத்தான் அடிக்கிறார் என்றாலும் 24. கால்!

இதே கையை ஒழுங்காக ஆடும் ஒருவர் அடித்திருந்தால்? அவர் அந்தக் கைகளை ஒரே சூட்டில் வந்தால்தான் ஆடுவார், தலா 4, ஆக 12. ஜாக்-எட்டையும் அப்படித்தான் ஆடுவார் என்பதால் என்னைத் தோற்கடிப்பவை 32 ஆகக் குறையும், பிளஃப் 16 வேண்டும், இருப்பதோ 12. அங்கே ஃபோல்ட். சீட்டு அதே, பெட் அதே, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை வைத்து பதில் மாறுகிறது. இதை மனதில் பதிய வைத்ததற்காக அந்தப் பயிற்சியாளருக்கு நான் உண்மையாகவே நன்றி சொல்வேன். அன்று அவர் எட்டு ஜோடியைக் காட்டினார், தோற்றேன். ஆனால் கால் சரி என்று தெரிந்து தோற்றது அதுதான் முதல் தடவை, அடுத்த கையில் கோபம் வரவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். பெரிய குறை பயிற்சிக் கருவி. வீடியோவில் எதிராளியின் தப்பைப் பிடித்து ஆடு என்கிறார்கள், கருவியோ சமநிலையாக ஆடும் எதிராளியை வைத்துக் கணக்குப் போட்ட சால்வர் (போக்கர் கணக்கு மென்பொருள்) பதில்களை அப்படியே வைத்திருக்கிறது. பாட்டில் பாதி பெட் வந்தால் உன் கைகளில் மூன்றில் இரண்டு பங்கைக் காப்பாற்று (ஃபோல்ட் செய்யாதே), முழு பாட் வந்தால் பாதியைக் காப்பாற்று என்கிற அளவுகோல்தான் அதற்கு அடிப்படை. அது யாராலும் ஏமாற்ற முடியாதபடி ஆடுவதற்கான அளவு, வெறும் காற்றை வைத்து மூன்று தெருவும் அடிக்கிறவருக்கு எதிராக அதைவிட அதிகமாகவே கால் செய்ய வேண்டும். அப்படி வீடியோவில் படித்ததைக் கருவியில் செய்தால் சிவப்புக் குறி போட்டுத் தப்பு என்கிறது! புதிதாகக் கற்கிறவர் எதை நம்புவார்? இதைப் பற்றி அவர்களுக்கு இரண்டு தடவை எழுதினேன், பார்க்கிறோம் என்று பதில் வந்தது, மாற்றம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. அதிரடிக்காரர் எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி பேசுகிறார்கள். ஃப்ளாப்பில் மட்டும் அடித்துவிட்டு டர்னில் அடங்கிப்போகிறவர் உண்டு, பொதுச் சீட்டு வருவதற்கு முன்பு மட்டும் சத்தம் போடுகிறவர் உண்டு, ரிவர் வரை விடாதவர் உண்டு. முதல் ஆளுக்கு எதிராக ஃப்ளாப்பில் கால் செய்துவிட்டு, டர்னில் அவர் செக் செய்ததும் பெட் போட்டாலே போதும், மூன்றாவது ஆளிடம்தான் மேலே சொன்ன கணக்கு. முக்கியமாக, எவ்வளவு கண்மூடித்தனமாக ஆடுகிறவராக இருந்தாலும், நீங்கள் ரிவரில் பெட் போட்ட பிறகு அவர் ரைஸ் செய்தால் அது பெரும்பாலும் நிஜக் கைதான், நான் பார்த்தவரை அப்படித்தான். நான் மூன்று தடவை பெரிய தொகை விட்டது அந்த இடத்தில்தான், தொடரில் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட இல்லை.

நாலாவது பகுதி மனநிலை, மூச்சுப் பயிற்சி, இத்யாதி. ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கும், அதற்கு எவ்வளவு சிப் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதைத்தான் அங்கே எதிர்பார்த்தேன், அது இல்லை. இவர்களோடு ஆடும்போது சரியாக ஆடியும் ஒரு வாரம் முழுக்கத் தோற்கலாம் என்பதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா?

ஐந்துக்கு மூன்றரை. பகுதிகளைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள், இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் வாங்குங்கள். நான் மூன்றாவது பகுதியை நோட்டும் பேனாவுமாக இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருக்கிறேன், கருவிக்கான சந்தாவை மட்டும் போன வாரம் நிறுத்திவிட்டேன்.