கொழும்பு முகவரிடம் செக்கண்டரி வாங்கும் திருகோணமலைப் பிள்ளைகள் கவனத்துக்கு

ஆட்டுத் தசையில் ஒரு புரதம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அந்தப் புரதத்தைப் பிடிக்கும் முதல் பிறபொருளெதிரி முயலில் உண்டாக்கியது. அதன்மேல் ஒட்டிப் பச்சையாக ஒளிர இரண்டாவது பிறபொருளெதிரி ஒன்று வேண்டும். அதுதான் செக்கண்டரி. கொழும்பு முகவர் ஒருவரிடம் தெளிவாக எழுதிக் கேட்டேன்: கழுதையில் உண்டாக்கியது, முயலின் ஐ.ஜி.ஜி.யை (குருதியில் அதிகம் இருக்கும் பிறபொருளெதிரி வகை) பிடிப்பது, பச்சையாக ஒளிரும் 488 சாயம் ஏற்றியது, ஆட்டு ஐ.ஜி.ஜி.யில் ஒட்டுபவற்றை முன்கூட்டியே நீக்கியது. கடைசி நிபந்தனைதான் எனக்கு உயிர்; ஆட்டுத் தசையில் ஆட்டின் சொந்த ஐ.ஜி.ஜி.யும் இருக்கும், அதில் செக்கண்டரி ஒட்டக்கூடாது. முழுக் காசும் முற்பணம், 92,000 ரூபாய். (“கழுதைச் சாமானுக்கு இவ்வளவா பிள்ளை?” என்றார் அம்மா.)

ஏழு வாரம் கழித்து இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது. 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டிய சாமான். ரெஜிபோம் பெட்டியைத் திறந்தால் ஐஸ் பை வெதுவெதுப்பான தண்ணீராகக் கிடக்கிறது. முகவருக்குப் போன் எடுத்தேன். “ஒன்றும் ஆகாது தங்கச்சி, எல்லாருக்கும் இப்படித்தான் அனுப்புறம்” என்றார். நானும் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது என் மடத்தனம்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால் துண்டு முழுக்கப் பச்சை. நல்லவேளை, சேர் சொன்னபடி கூடவே இரண்டு ஸ்லைட் வைத்திருந்தேன். எதுவுமே போடாதது இருட்டாக இருந்தது. ஆக, இழையம் தானாக ஒளிரவில்லை. முதலாவதைப் போடாமல் செக்கண்டரி மட்டும் போட்டது, இரண்டும் போட்டதைப் போலவே பளிச்சென்று எரிந்தது. அதிலும் குருதிக் கலன்களை ஒட்டித்தான் அதிகம். ஆட்டின் சொந்த ஐ.ஜி.ஜி. இருக்கும் இடம் அது.

அப்புறம்தான் குப்பியிலிருந்த பட்டியல் எண்ணை நான் கேட்டதோடு ஒப்பிட்டேன். வேறு எண். கழுதை, முயல், 488 எல்லாம் சரி. நீக்கம் செய்யாத சாதாரண வகை. லேபிளின் பெரிய எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

முகவரிடம் சொன்னேன். “இரண்டும் ஒன்றுதான், பஸ்ஸில் சூடு பட்டிருக்கும், நீங்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டீர்கள்” என்கிறார்! ஒன்றும் ஆகாது என்று சொன்ன அதே வாய். சூட்டில் கெட்டால் ஒளி மங்கும், அல்லது திரண்டு புள்ளி புள்ளியாக விழும். கலன் கலனாகத் தேடிப் போய் ஒட்டாது. காசு திரும்பவில்லை. அடுத்த ஓடரில் பத்து வீதம் கழிவு தருகிறாராம்.

செக்கண்டரியை ஐதாக்கும்போது கொஞ்சம் ஆட்டுச் சீரம் சேர்த்துப் பார்த்தேன், தவறாக ஒட்டுபவற்றை அதிலுள்ள ஐ.ஜி.ஜி. முதலே பிடித்துக்கொள்ளட்டும் என்று. பின்னணி பாதி குறைந்தது, ஆய்வேட்டில் போடும் அளவுக்கு இல்லை. நீங்கள் விலைமனுவிலேயே முழுப் பட்டியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். பெட்டியைத் திறந்து, எண் பார்த்து, ஐஸைப் படம் எடுத்த பிறகு கையெழுத்து. முழு முற்பணம் கொடுக்கவே வேண்டாம்.

நேற்று வேறொருவரிடமிருந்து விலைமனு வந்தது. அதிலும் எண் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.