சூத்திரம் முதலா, படம் முதலா?

ஆத்தங்குடிக் கல் அடுக்கிய 20 கிலோ பெட்டி. 30° சாய்ந்த பலகையில், பலகையை ஒட்டியே இழுத்து, சீரான வேகத்தில் லாரிக்கு ஏற்ற வேண்டும். இயக்க உராய்வுக் குணகம் 0.2, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². எவ்வளவு விசை?

சூத்திரத்தில் தொடங்குபவர் செங்குத்து விசையை (பலகை பெட்டியைத் தாங்கும் விசை) எடைக்குச் சமமாக, 200 நியூட்டன் என்றே போடுவார். சமதளக் கணக்குகளில் வந்த பழக்கம். உராய்வு 40, எடையின் சரிவுக் கூறு 100, விடை 140. தவறு. சமதளத்தில் வரும் ஒரு மதிப்பெண் கேள்விக்குச் சூத்திர வழி போதும், வேகமும் கூட.

படம் வரைபவர் பெட்டியை ஒரு புள்ளியாக்குவார். எடை நேர்கீழே, செங்குத்து விசை பலகைக்குச் செங்குத்தாக, இழுவிசை பலகை வழியே மேல்நோக்கி. பெட்டி ஏறுவதால் உராய்வு பலகை வழியே கீழ்நோக்கி. அச்சைப் பலகையோடு சாய்த்தால் எடையை மட்டும் பிரித்தால் போதும்: சரிவு வழியே 100, பலகைக்குச் செங்குத்தாக 173. உராய்வு 34.6, விடை சுமார் 135 நியூட்டன். பெட்டியை இறக்கும்போது உராய்வு அம்பு மட்டும் திரும்பும். தாங்கிப் பிடிக்க 65.4 போதும்.

படத்திலும் சறுக்கல் உண்டு. எடையையும் அதன் கூறுகளையும் சேர்த்தே கணக்கில் எடுப்பார்கள். 'இயக்க விசை' என்று இல்லாத அம்பு ஒன்றைப் போடுவார்கள் (இதுதான் பிடிவாதமான தவறு). சைனா, கொசைனா என்ற குழப்பத்துக்குக் கோணத்தைப் பூச்சியமாக்கிப் பாருங்கள்: சரிவுக் கூறு மறைய வேண்டும்.