நீலகிரிக்கு எந்த ஷீட் தாங்கும்? கேஜை விடுங்க, மி.மீ.யும் ஜி.எஸ்.எம்.மும் கேளுங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எங்கே போய் இரும்பு ஷீட் கேட்டாலும் நான்கு சரக்கு காட்டுவார்கள்: எச்.ஆர். (சூட்டில் உருட்டியது), சி.ஆர். (குளிர்ந்த நிலையில் உருட்டியது), ஜி.பி. (துத்தநாகம் பூசியது), கலர் ஷீட் (பூச்சின் மேல் பெயின்ட்டும் அடித்தது). நான்குமே அதனதன் வேலைக்கு நல்ல சரக்குதான். ஆனால் கோவையில் பத்து வருஷம் தாங்கும் ஷீட் இங்கே அதே பத்து வருஷம் தாங்காது. மழை மட்டும் காரணமில்லை. மழை நின்ற பிறகும் பனிமூட்டம் ஷீட்டைக் காயவே விடாது. தகடு நனைந்தே கிடக்கும் நேரம்தான் துருவின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

முதலில் அளவு. கடைகளில் ஓடுவது 8க்கு 4 அடி. ஆலையிலிருந்து 1250க்கு 2500 மி.மீ. அளவிலும் வரும், அது கொஞ்சம் பெரியது. கனத்தை இன்னும் கேஜில்தான் சொல்கிறார்கள். 16 கேஜ் என்றால் 1.6, 18 என்றால் 1.2, 20 என்றால் 0.9, 22 என்றால் 0.7 மி.மீ. பக்கம் வர வேண்டும். நடைமுறையில் '18 கேஜ்' என்ற பெயரில் 1.1, சில சமயம் 1.0 கூட வந்துவிடுகிறது. அதனால் மி.மீ.யில் கேட்டு, பில்லிலும் மி.மீ.யாகவே எழுதச் சொல்லுங்கள். வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பதானால் வெட்டு ஓரத்தில் வைக்காதீர்கள். அங்கே பிசிறு நிற்கும், கனம் கூடுதலாகக் காட்டும். ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளி, மூன்று நான்கு இடத்தில் பாருங்கள்.

வெர்னியர் இல்லாவிட்டால் தராசு போதும். 8க்கு 4 ஷீட் ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 23.3 கிலோ சொச்சம். 1.2 மி.மீ. ஷீட் 28 கிலோ நிற்க வேண்டும்; 1.1 என்றால் 25.7தான் காட்டும். நிறுத்து விலை போடும் கடையில் கனம் குறைந்தால் பலம் மட்டும் போகும், காசு போகாது. ஷீட்டுக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் கடையில் இரண்டும் போகும். எடை போட்டுத் தரும் கடைக்கே எங்கள் ஓட்டு.

எச்.ஆர். கனமான வேலைக்கு: 2 மி.மீ.க்கு மேல் பேஸ் பிளேட், வண்டித் தளம், அடுப்புத் தகடு. மேலே இருக்கும் கருஞ்செதிலைத் தேய்த்து எடுக்காமல் பெயின்ட் அடித்தால் செதில் உதிரும்போது பெயின்ட்டும் சேர்ந்து உதிரும். சி.ஆர். வழவழப்பாக, மடிக்கச் சுலபமாக இருக்கும். பீரோ, மீட்டர் பெட்டி, வீட்டுக்குள் வரும் கதவு வரைக்கும் சரி. வெளிக் கேட்டுக்கு சி.ஆர். போட்டு ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடிப்பதுதான் இந்த மலையில் அதிகம் நடக்கும் தப்பு. அடி மடிப்பில் தண்ணீர் நின்று, உள்ளிருந்து துரு தின்று வரும். எந்த ஷீட்டாக இருந்தாலும் கேட்டின் அடி மடிப்பில் தண்ணீர் வடிய ஓட்டை போடச் சொல்லுங்கள்.

வெளி வேலைக்கு ஜி.பி.தான். இங்கேதான் யாரும் கேட்காத கேள்வி இருக்கிறது: துத்தநாகம் எத்தனை ஜி.எஸ்.எம்.? அது ஒரு சதுர மீட்டரில் இரண்டு பக்கமும் சேர்ந்த பூச்சின் எடை, கிராம் கணக்கில். 120 என்றால் ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொச்சம்; 275 என்றால் 19 மைக்ரான். தடிமன் இரட்டிப்பைத் தாண்டுகிறது, ஆயுளும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். 1.2 மி.மீ.யில் 120 வாங்குவதைவிட 1.0 மி.மீ.யில் 275 வாங்குவது இந்த ஊருக்குப் புத்திசாலித்தனம். சில்லறைக் கடைகளில் 275 கையிருப்பு அபூர்வம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முழுக் கட்டாக எடுத்தால் ஆலையின் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள், அதில் கோட்டிங் எடை இருக்கும்.

ஜி.பி.யை வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். அந்த வெள்ளைப் புகை காய்ச்சல் கொண்டுவரும், காற்றோட்டமான இடத்தில்தான் வேலை நடக்க வேண்டும். பற்றவைத்த கோட்டின் மேல் ஜிங்க் ரிச் (துத்தநாகம் நிறைந்த) பிரைமர் அடிக்காமல் விடக் கூடாது. புது ஜி.பி. மேல் நேரடியாக எனாமல் அடித்தால் தோல் உரிவதுபோல் உரியும். வாஷ் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர் அடியில் வேண்டும்.

கூரைக்குக் கலர் ஷீட். 0.50 மி.மீ. என்று விற்பது பெயின்ட், பூச்சு எல்லாம் சேர்ந்த கனம். உள்ளே இரும்பு அதைவிடக் குறைவு. அலுமினியம்–துத்தநாகப் பூச்சில் 150 ஜி.எஸ்.எம். உள்ளதையே கேளுங்கள், 70 ஜி.எஸ்.எம். சரக்கும் அதே நிறத்தில் அதே பளபளப்பில்தான் நிற்கும். 0.35 மலிவு, ஆனால் குன்னூர் பக்கம் குரங்குகள் குதித்தே பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. அந்தப் பக்கமும் கூடலூர், தேவாலா பக்கமும் மேல் ஷீட் கீழ் ஷீட் மேல் ஏறி நிற்கும் ஒட்டுக்கு 6 அங்குலம் பற்றாது. 9 அங்குலம் விட்டு, நடுவில் சீலன்ட் டேப் ஒட்டுங்கள். கிரைண்டரில் வெட்ட விடாதீர்கள். பொறி பட்ட இடமெல்லாம் பெயின்ட்டில் ஒட்டி ஒரே மழையில் செம்புள்ளியாகும், வெட்டு ஓரத்தின் பூச்சும் கருகும். கத்தரியோ நிப்ளரோ (தகட்டைக் கொறித்து வெட்டும் கருவி) போதும். ஸ்க்ரூ போட்டதும் துளைத் தூளை அன்றே பெருக்கிவிட வேண்டும்.

ஏழெட்டு ஷீட் என்றால் மலையிலேயே வாங்குங்கள். லோடு கணக்கென்றால் மேட்டுப்பாளையமோ கோவையோ போவது லாபம். அங்கேயே வெட்டி மடித்தும் வாங்கலாம், ஆனால் மடித்த சாமான் வண்டியில் இடம் அடைக்கும். ஒட்டே இல்லாமல் 24 அடி கூரை ஷீட்டுக்கு ஆசைப்படுகிறார்கள். 14 அடி வண்டியில் பத்தடி வெளியே தொங்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி வந்தால் பெயின்ட் உரசி முனை வளைந்துதான் இறங்கும். ஒட்டுக்கு விடும் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டு இரண்டு துண்டாக எடுப்பதே மேல்.

இறக்கும்போது கட்டுக்குள் ஈரம் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். கீழே வெயிலில் கிளம்பி, குன்னூர் மலைப்பாதையில் உள்ள பர்லியாறு தாண்டிப் பனிக்குள் நுழையும் கட்டில், தார்ப்பாய் போட்டிருந்தாலும் வியர்வை கட்டும். ஒட்டி அடுக்கிய ஜி.பி.யில் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சில நாட்களிலேயே வெள்ளைப் பொடி பூக்கும். இறக்கிய அன்றே துடைத்து, ஷீட்டுக்கு நடுவே காய்ந்த ரீப்பர் கட்டை கொடுத்து, ஒரு முனை உயரமாக இருக்கும்படி சாய்த்து அடுக்குங்கள். ஈரச் சிமெண்டுத் தரையில் நேராகப் போட வேண்டாம், சிமெண்டின் காரம் துத்தநாகத்தை அரிக்கும்.