மைனஸ் 40 தாங்கும் என்று சொல்லி 440 டாலரைக் கறந்துவிட்டார்கள்

செத்த மரத்தை இன்று காலைதான் பிடுங்கிப் போட்டேன். நகத்தில் மண் இன்னும் போகவில்லை. நிழல் மரம் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

குளிர்காலக் குளிரை வைத்து ஊர்களை ஸோன்களாகப் பிரிப்பார்கள், எண் குறையக் குறையக் குளிர் அதிகம். நாங்கள் இருப்பது ஸோன் 3. குளிர்காலத்தில் மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் சாதாரணம். வாசலில் நிழலுக்காக ஒரு சிவப்பு மேப்பிள் தேடினேன். ஆன்லைனில் மரம் விற்கும் ஒரு கடையில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரம், டெலிவரியோடு 440 டாலர் என்றார்கள். தயங்கினேன். சாட்டில் வந்தவர், "கடுங்குளிர்ப் பகுதியிலே காட்டில் தானா வளர்ற மரம்ங்க இது, மைனஸ் 40 தாங்கும், ஒரு வருஷம் கேரண்டியும் உண்டு" என்றார். தேடிப் பார்த்தேன், காட்டில் வளர்வது உண்மைதான். அந்த உண்மையை நம்பித்தான் ஏமாந்தேன்.

அவர் சொல்லாமல் விட்டது இது: சிவப்பு மேப்பிள் தெற்கே வெயில் காயும் ஃப்ளோரிடாவிலும் வளரும், வடக்கே குளிரடிக்கும் நியூஃபவுண்ட்லாந்திலும் வளரும். தெற்கத்தி விதையில் வந்த மரம் வடக்கத்திக் குளிரில் நிற்காது. அக்டோபரில் சுற்றிலும் உள்ள மேப்பிள்கள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தபோது என்னுடையது மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. என்ன செழிப்பு என்று போட்டோ வேறு எடுத்தேன், மடையன்! குளிருக்கு அது தயாராகவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மே மாதம் துளிர் இல்லை. பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். நுனியிலிருந்து அடிவரை சுரண்டினேன், எல்லாம் காய்ந்த பழுப்பு.

கடைக்கு எழுதினேன். "ஜூன் வரை பொறுங்கள்." பொறுத்தேன். "போட்டோ அனுப்புங்கள்." பதினொன்று அனுப்பினேன். "தண்ணீர் ஊற்றியது சரியில்லை போலிருக்கிறது." கடைசியில், குளிரில் செத்தால் கேரண்டி கிடையாதாம். குளிர் தாங்கும் என்று விற்ற மரத்துக்கு! அதோடு சாட் விண்டோவை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

இன்று தோண்டினால், வேர் தொட்டி வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி இறுகிக் கிடக்கிறது. அதைவிடக் கொடுமை, அடிமரத்தில் கட்டியிருந்த அட்டை. கடையின் ஸ்டிக்கர் ஈரத்தில் உரிந்து, அடியில் மரத்தை வளர்த்த நர்சரியின் பழைய எழுத்து தெரிந்தது: ஸோன் 6. அதாவது மைனஸ் 23 வரைதான். தெரிந்தேதான் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். 440 டாலர்!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. விதையோ தாய்மரமோ எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள். குளிரில் செத்தாலும் கேரண்டி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். மரம் வந்ததும் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், தொட்டியைக் கழற்றி வேரைப் பாருங்கள். அவ்வளவுதான்.

கார்டில் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். 440 டாலர் திரும்பி வந்தால் சொல்கிறேன். குழி திறந்தே கிடக்கிறது, யாராவது கால் வைப்பதற்குள் போய் மூட வேண்டும்.