ஒரு மலை, பல ஆய்வேடுகள்: சேலத்தில் பிஎச்.டி. செய்ய எந்தப் பாதை?

முதுகலை முடித்த கையோடு பிஎச்.டி. பதிய நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: சயின்ஸ் பக்கம் சீக்கிரம் முடியுமா, ஆர்ட்ஸ் பக்கம் சீக்கிரம் முடியுமா? ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, பைண்டிங் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வேதியியலும் தமிழும் வணிகவியலும் ஒரே மேசைக்குத்தான் வந்து சேரும். அங்கிருந்து பார்த்தால் இந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. 2022இல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி எல்லாத் துறைக்கும் ஒன்றுதான்: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2. முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் நடுவே இருந்த எம்.ஃபில். ஆய்வுப் பட்டத்தையும் அதே விதி நிறுத்திவிட்டது. முன்பெல்லாம் எம்.ஃபிலில் ஆழம் பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்றால் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். இப்போது முதல் அடியே பிஎச்.டி.யில்தான்.

அதனால் ‘எனக்கு வேண்டிய தரவு யார் கையில் இருக்கிறது, அதற்காக நான் எங்கே போய்க் காத்துக்கிடக்க வேண்டும்’ என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அதே மலை வேதியியல்காரருக்கு ஒன்று, நிலவியல்காரருக்கு வேறொன்று, நாட்டுப்புறவியல்காரருக்கு முற்றிலும் இன்னொன்று.

ஆய்வகத்துக்குள் உட்காருவது

என் மேசைக்கு வரும் அறிவியல் ஆய்வேடுகளில் வெள்ளி நானோ துகள்களுக்குத் தனி அலமாரியே போடலாம். செய்முறை பார்க்க அழகானது. ஒரு மூலிகை இலையைக் கழுவி, நறுக்கி, கொதிக்கவைத்துச் சாறு எடுப்பார்கள். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் கலந்தால் வெளிர்மஞ்சள் நீர் மெல்ல மெல்லப் பழுப்பாகும். நிறமாலைமானியில் 420 நானோமீட்டரை ஒட்டி ஒரு மேடு எழும்பினால் துகள் உருவாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது), எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் வேதிப் பிணைப்பைப் பார்ப்பது), எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். கடைசியில் பெட்ரித் தட்டில் இ.கோலி, ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்களை வளர்த்து, துகள் வைத்த இடத்தைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டருக்கு அவை வளரவில்லை என்று அளப்பார்கள்.

இதன் பலம், வேலைக்கு ஒரு வரிசை இருப்பது. அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று ஆய்வாளருக்குத் தெரியும். கட்டுரையும் கிளைகிளையாக வரும். வேலை தேடும்போது அது உதவும். பலவீனமும் அங்கேதான். இலையை மாற்றினால் இன்னொரு ஆய்வேடு என்ற நிலை வந்துவிட்டது. ஏற்காட்டில் பறித்த இலை என்று தலைப்பில் இருக்கும். உள்ளே மலையைப் பற்றி ஒரு பத்திகூட இருக்காது. அந்த இலை கடலூரில் கிடைத்திருந்தாலும் ஆய்வேட்டில் ஒரு வரி மாறியிருக்காது. காத்திருப்பு எதற்கென்றால், கருவிக்கு. எலக்ட்ரான் நுண்ணோக்கி எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. மாதிரியைப் பொட்டலம் கட்டி வேறு நிறுவனத்துக்கு அனுப்பி, ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். படம் தெளிவில்லை என்றால் மறுபடியும் அதே கதை.

மலை ஏறுவது

தாவரவியலும் நிலவியலும் அறிவியல்தான். ஆனால் நடைமுறையில் இவை இரண்டும் வேதியியலைவிட நாட்டுப்புறவியலுக்குத்தான் நெருக்கம். காலில் செருப்பு தேயும் துறைகள்.

தாவரவியலில் ஏற்காட்டுக்கு நல்ல அடித்தளம் உண்டு. இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் அங்கே இருக்கிறது. மலையில் சேகரித்ததை ஒப்பிட்டுப் பார்க்கக் கோயம்புத்தூரில் பழைய மெட்ராஸ் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம், இருக்கிறது. பேருந்து ஏறினால் சில மணி நேரம். ஆனால் செடி நம் காலண்டருக்குப் பூக்காது. பூவோ காயோ இல்லாத மாதிரியை வைத்து இனம் சொல்வது நிபுணருக்கே சிரமம். பூத்த வாரத்தில் ஆய்வாளர் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தால் ஒரு வருடம் போச்சு. பறித்ததைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, ஈரம் ஏறிய தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்காட்டு மழையில் தாளே காயாது, செடி எங்கே காய்வது? காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். காப்பித் தோட்டம் என்றால் முதலாளி சம்மதிக்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து மலையில் பெரும்பகுதி தோட்டம்தானே. நீலக்குறிஞ்சி சேர்வராயனிலும் உண்டு. ஆனால் அது பூக்க 12 வருடம் ஆகும். யுஜிசி தருவது 6. அதைத் தலைப்பாக எடுப்பவர் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்கட்டும்.

நிலவியலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கல் எங்கேயும் போகாது. அதுவும் சேலம் சுற்றுவட்டாரம் நிலவியல்காரர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி. சேர்வராயன் உடம்பு முழுக்கச் சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லை வைத்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் இட்ட பெயர் அது. மலை உச்சியில் பாக்சைட். அடிவாரத்தில் கருப்பூர்ப் பக்கம் வந்தால் மேக்னசைட், நம் ஊர் வழக்கில் வெள்ளைக்கல். தெற்கே கஞ்சமலையில் இரும்புத்தாது. 1830களில் போர்ட்டோ நோவோ கம்பெனி சேலத்துத் தாதுவை வைத்துத்தான் இரும்பு உருக்கியது. கிங், ஃபூட் என்ற நிலவியலாளர்கள் இருவரும் இந்தப் பகுதியின் நிலவியல் அறிக்கையை வெளியிட்டது 1864இல். அந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர், ஓய்வுக்குப் பிறகு குடியேறியது ஏற்காட்டில்தான்.

ஒரு நிலவியல் ஆய்வேட்டுக்குப் படங்கள் ஒட்டும்போது அந்த ஆய்வாளர் காட்டிய விஷயம் இது. பாறைச் சில்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்ப்பார்கள். கறுத்த பாறை அப்போது ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்துவிடும். நுண்ணோக்கியின் மேடையைத் திருப்பத் திருப்ப, ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறும். சார்னோக்கைட்டுக்கு அதுதான் அங்க அடையாளம். இதில் எனக்குப் பிடித்தது, ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கமும் இந்த மண்ணில்தான் எழுதப்பட்டிருக்க முடியும் என்பது. நானோ ஆய்வேட்டில் இல்லாதது இதுதான். குறையும் உண்டு: ஐசோடோப்பு வைத்து வயது கணிப்பது போன்ற வேலை வந்தால் இவரும் வெளி ஆய்வகத்தின் வரிசையில்தான் நிற்க வேண்டும். நிலவியல் சொல்லித்தரும் கல்லூரிகளும் குறைவு. ஆசிரியர் வேலையை மட்டும் நம்பி இதற்குள் வருவது ஆபத்து.

காகிதத்தை நம்புவது

தமிழ் இலக்கிய ஆய்வு எல்லாவற்றிலும் செலவு குறைந்தது. சங்க நூல்கள் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. யார் அனுமதியும் வேண்டாம், மழையும் தடுக்காது. வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகச் செய்பவர்களும் பிள்ளைகுட்டி உள்ளவர்களும் இதைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. பெண்களுக்கு விதி இன்னும் 2 ஆண்டு கூடுதலாகத் தருகிறது.

ஆனால் எளிதாகக் கிடைப்பதாலேயே ஒரு கேடு. முன்னுரை, ஐந்து இயல், முடிவுரை, துணைநூற்பட்டியல் என்ற அச்சு தயாராக இருக்கிறது. ஒரு நாவலாசிரியரை உள்ளே போட்டால் மறுபக்கம் ஆய்வேடு வந்துவிடும். இயல் ஒன்றில் ஆசிரியர் வாழ்வும் படைப்பும், இயல் இரண்டில் பாத்திரப்படைப்பு... தட்டச்சு செய்பவனுக்கு அடுத்த தலைப்பு என்ன என்று கையெழுத்துப் பிரதியைப் புரட்டாமலே தெரியும். நல்ல ஆய்வேடுகள் வருவதில்லை என்று சொல்ல மாட்டேன்; கேள்வியோடு வருபவர் ஒரே சொல்லாட்சியை எட்டுத்தொகை முழுக்கத் துரத்திப் போவதையும் பார்த்திருக்கிறேன். அங்கே காத்திருப்பு வெளியில் இல்லை, ஆய்வாளரின் மண்டைக்குள். புதிதாக ஒன்றைச் சொல்லத் தோன்றும்வரை எந்த நூலகமும் உதவாது.

வரலாறும் காகிதம்தான், ஆனால் அந்தக் காகிதம் சென்னையில் இருக்கிறது. இரவு ரயில் ஏறினால் காலையில் எழும்பூர், ஸ்டேஷனுக்கு எதிரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். போக்குவரத்து அவ்வளவு எளிது, தங்குவதுதான் செலவு. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் கோப்பு வரலாம், ‘இல்லை’ என்ற பதிலும் வரலாம். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தால் சேலத்தில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. 1792இல் திப்புவிடமிருந்து பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போன பிறகு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நில அளவை எடுத்த ஆவணங்கள் இருக்கின்றன. 1883இல் லெ ஃபானு எழுதிய மாவட்டக் கையேடு இருக்கிறது, 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் இருக்கிறது. நீதிக்கட்சி 1944 ஆகஸ்டில் திராவிடர் கழகமாக மாறியது இந்த ஊர் மாநாட்டில். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதில் எதை எடுத்தாலும் நாவல் பாத்திரப்படைப்பைவிடக் கனமான ஆய்வு வரும். வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆங்கிலம். பழைய கோப்புகளின் ஆங்கிலக் கையெழுத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழகுவதற்கு ஆறு மாதம் ஒதுக்கினால் போதும் என்பது என் எண்ணம்.

மனிதர்களிடம் போவது

இதில் இரண்டு வகை. ஒன்று வணிகவியல், மேலாண்மைக்காரர்களின் வினாப்பட்டியல். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம், மென்பொருளில் போட்டால் அட்டவணை அட்டவணையாகக் கொட்டும். அட்டவணைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதால் எனக்கு லாபம்தான். ஆனால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கொலுசுப் பட்டறைக்குள் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்து மாத வருமானம் என்ன என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்? ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளியிடம், முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே ‘பணிச்சூழல் திருப்தியா’ என்று கேட்டால் எல்லாரும் முதல் கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். சீக்கிரம் முடிவது இந்த வகைதான். நான் குறைவாக நம்புவதும் இதைத்தான்.

இன்னொரு வகை மெதுவானது. சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுபவர்கள்) காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வழியாக வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் தர்ஸ்டன் தொகுத்த நூலிலேயே அந்தக் கதை பதிவாகியிருக்கிறது. அப்படியானால் இன்று போய் அதைக் கேட்பதில் என்ன புதிது? நிறைய இருக்கிறது. ஊருக்கு ஊர் எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது மாறுகிறதா, சேர்வராயன் கோயில் உரிமையோடு அது எப்படி முடிச்சுப்போடப்படுகிறது, தோட்டக் கூலிக்குப் போகும் தலைமுறை அதை எப்படிச் சொல்கிறது என்பதெல்லாம் தர்ஸ்டன் நூலில் தேடக்கூடியவை அல்ல.

ஆனால் ரெக்கார்டரை நீட்டியதும் யாரும் பாடிவிட மாட்டார்கள். ‘யாரு சாமி நீ, எந்த ஊரு, யாரு வூட்டுப் பையன்’ என்பதில் தொடங்கும். முதல் தடவை டீ மட்டும் கிடைக்கும். அறுவடை நாளில் போனால் அதுவும் இல்லை. ஒப்பாரியைச் சும்மா பாடச் சொல்வதே தவறு. நல்ல வீட்டில் அதைப் பாட மாட்டார்கள். பதிவான ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க ஒரு முழுநாள் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு சங்கடம்: ‘பேச்சு வழக்காக இருக்கிறது, திருத்தி எழுது’ என்று சில நெறியாளர்கள் (கைடுகள்) சொல்வார்கள். திருத்தினால் அந்தப் பாட்டி பேசியது போய், ஆய்வாளர் பேசியது மிஞ்சும். நான் பார்த்த ஆய்வேடுகளிலேயே பின்னிணைப்பு முன்பகுதியைவிட மதிப்பாக இருந்தவை இந்த வகைதான். இயல்களை யாரும் மறுபடி படிக்காமல் போகலாம். அந்த நாற்பது பாட்டை இன்னொருவர் கட்டாயம் தேடி வருவார்.

கணிதத்தை விட்டுவிட்டேன். அவர்களுக்கு மலையும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். சமன்பாடு தட்டச்சு செய்ய மட்டும் என்னிடம் வராமல் இருந்தால் சரி.

பணமும் நெறியாளரும்

ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கையில் இருந்தால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. அந்தப் பணம் இருப்பவர் ஆய்வகத்துக்கோ மலைக்கோ தாராளமாகப் போகலாம். மாதிரிச் செலவும் வண்டிச் செலவும் கட்டுப்படியாகும். உதவித்தொகை இல்லாமல் சொந்தக் காசில் ஆய்வகத்துக்குப் போகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். வேதிப்பொருள் பில்லும் கருவிக் கட்டணமும் சேர்ந்து நாலாவது வருடத்தில் ஆளை முறித்துவிடும். அவருக்கு நான் சொல்வது நிலவியல் அல்லது உள்ளூர் வரலாறு. அறிவியல் பட்டம் இல்லாதவருக்கு வாய்மொழி வழக்காறு. ஆனால் மலையில் போய்த் தங்க வீட்டில் சம்மதிக்க வேண்டும், பெண் ஆய்வாளர்களுக்கு இது இன்னும் பெரிய கேள்வி.

பதிவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சோத்கங்கா தளத்தில் நாடு முழுக்க ஏற்றிய ஆய்வேடுகள் இருக்கின்றன. பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டமும் வருவதால், அக்கம்பக்கத்தில் யார் எதைச் செய்துவிட்டார்கள் என்பது அங்கேயே ஓரளவு புரிந்துவிடும். நினைத்திருக்கும் நெறியாளரிடம் ஏற்கெனவே முடித்தவர்களின் ஆய்வேட்டை இறக்கி, நன்றியுரையைப் படியுங்கள். எந்த ஆய்வகம், எந்த ஊர்ப்பெரியவர், எந்தக் காப்பகப் பணியாளர் என்று பெயர்கள் அங்கேதான் வரும். நன்றியுரையில் நெறியாளரையும் குடும்பத்தையும் தவிர வேறு ஒரு பெயரும் இல்லையென்றால், அந்த ஆய்வாளர் அறையை விட்டு வெளியே போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே பதிவு ஆண்டையும் சமர்ப்பித்த ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். எது சீக்கிரம் முடியும் என்ற முதல் கேள்விக்கு, துறையைவிட அந்த இரண்டு எண்கள்தான் நேரான பதில்.