எச்சரிக்கை: சவுண்ட் டிகோடர் இருக்கிறது என்று விற்ற எஞ்சினில் ஸ்பீக்கரே இல்லை

பழைய மாடல் ரயில் எஞ்சினை, அதிலும் சவுண்ட் டிகோடர் (ரயில் சத்தம் எழுப்பும் சின்ன மின்னணுப் பலகை) பொருத்தியது என்று யாராவது விற்பதைப் பார்த்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்து ஏழு வாரம் ஆகிறது. பணம் திரும்ப வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. எப்படி ஏமாற்றினார் என்பது மட்டும் இப்போது முழுதாகப் புரிந்திருக்கிறது. அதே ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் இந்தப் பதிவு.

பல வருடம் நான் சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரில்தான் வண்டி ஓட்டினேன். வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் நிற்கும். நின்றுவிட்ட எஞ்சினுக்கு மின்சாரமே போகாது, அதனால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. எனக்கோ ஓடும்போது வரும் சத்தத்தைவிட நிற்கும்போது வரும் சத்தத்தின் மேல்தான் ஆசை. ஸ்டேஷனில் நிற்கும் நீராவி எஞ்சின் மெல்லச் சீறிக்கொண்டே இருக்குமே, நடுநடுவே ஏர் பம்ப் டொக் டொக் என்று அடிக்குமே, அதை என் மேஜையில் கேட்க வேண்டும் என்றுதான் டிசிசிக்கு, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோலுக்கு, மாறினேன். இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், கட்டளைகளும் அதே மின்சாரத்தில் ஏறிப் போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் பிரித்தெடுத்து மோட்டாரையும் விளக்கையும் ஸ்பீக்கரையும் இயக்கும். வண்டி நின்றாலும் எஞ்சின் 'உயிரோடு' இருக்கும்.

விற்பனைத் தளம் ஒன்றில் கண்ணில் பட்டது அந்த எஞ்சின். எச்.ஓ அளவு, அதாவது 1:87. இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சின், பின்னால் டெண்டர், அதாவது கரியும் தண்ணீரும் சுமக்கும் இணைப்பு வண்டி. 'தொழிற்சாலையிலேயே பொருத்திய இஎஸ்யூ லோக்சவுண்ட் டிகோடர், ஒரிஜினல் பெட்டியோடு' என்று விற்பவர் எழுதியிருந்தார். இஎஸ்யூ என்பது தயாரிப்பாளர், லோக்சவுண்ட் அதன் சவுண்ட் டிகோடர். பெட்டியின் படமும் இருந்தது. அதிலிருந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன், சவுண்ட் உள்ள பதிப்பின் எண்தான். கூடவே நாற்பது வினாடி வீடியோ. எஞ்சின் விசில் அடித்துப் புறப்பட்டு, சுக் சுக் என்று ஒரு முழு வட்டம் சுற்றி வந்து நின்றது. அதைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன்.

தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் போகும், நேரடியாக அனுப்பினால் விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றார். ஒப்புக்கொண்டேன். தளம் தரும் பாதுகாப்பு அந்த நிமிடமே போய்விட்டது என்பது அப்போது உறைக்கவில்லை.

பார்சல் வந்தது. தண்டவாளத்தில் வைத்தேன். புது டிகோடர் எதுவும் பொதுவாக 3 என்ற எண்ணில்தான் இருக்கும், இதுவும் அப்படித்தான் இருந்தது. எஞ்சின் நன்றாகவே ஓடியது. கன்ட்ரோலரில் எஃப்0 பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது. சத்தத்துக்கான எஃப்1, எஃப்2, எஃப்3 பொத்தான்களை வரிசையாக அழுத்திப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை.

விற்றவருக்கு எழுதினேன். "வால்யூம் குறைந்திருக்கும் சார், சிவி 63ஐக் கூட்டிப் பாருங்கள்" என்றார். சிவி என்பது டிகோடருக்குள் இருக்கும் எண்ணிட்ட அமைப்பு. லோக்சவுண்டில் மொத்த வால்யூம் சிவி 63தான், அதனால் சந்தேகப்படவில்லை. கூட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் கழித்து, "உங்கள் கன்ட்ரோலர் பழசாக இருக்கும்" என்றார். எஃப்0 கட்டளை போய்ச் சேர்கிறது, எஃப்1 மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும் என்று கேட்டதற்கு நான்கு நாள் பதில் இல்லை. பிறகு, "சிவி 8ல் 8 என்று எழுதி ரீசெட் செய்யுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார். செய்தேன். அதற்கு அடுத்து வந்த பதில்தான் என்னால் இன்னும் தாங்க முடியாதது: "ரீசெட் செய்து சவுண்ட் ஃபைலையே அழித்துவிட்டீர்கள், இனி நான் பொறுப்பில்லை."

செய்யச் சொன்னவரும் அவர், செய்ததற்குக் குற்றம் சாட்டியவரும் அவர். முதலில் பயந்தே போனேன். உண்மையிலேயே நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்தபோது தெளிந்தது. சிவி 8ல் 8 எழுதினால் எண், வேகம், வால்யூம் போன்ற அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். சத்தங்கள் டிகோடரின் நினைவகத்தில் தனியாக இருக்கின்றன. அவற்றை மாற்றவோ ஏற்றவோ தயாரிப்பாளரின் புரோகிராமர் கருவி வேண்டும். ரீசெட்டால் சவுண்ட் அழியாது. யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அன்றுதான் செய்தேன். எஞ்சினைப் புரோகிராமிங் டிராக்கில், அதாவது டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் உள்ள தனித் தண்டவாளத்தில், வைத்து சிவி 8ஐப் படித்தேன். எழுதினால்தான் ரீசெட், படித்தால் அது தயாரிப்பாளரின் எண். அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரயில்ரோட் அசோசியேஷன் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு எண் ஒதுக்கியிருக்கிறது. இஎஸ்யூவுக்கு 151, ஜிமோவுக்கு 145, லென்ஸுக்கு 99, சவுண்ட்டிராக்ஸுக்கு 141. படிக்கும்போது டிகோடர் மோட்டாருக்கு ஒரு சின்ன உதறல் கொடுத்துப் பதில் சொல்லும், எஞ்சின் லேசாகத் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். துடித்தது. திரையில் வந்த எண் 151 இல்லை.

டெண்டரின் இரண்டு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். சத்தம் வெளியே வருவதற்கான ஓட்டைகள் தரைப் பகுதியில் அழகாக இருந்தன. அவற்றுக்கு மேலே ஸ்பீக்கர் உட்கார வேண்டிய இடம் காலி. பக்கத்தில் 21 பின் சாக்கெட்டில் சத்தமே இல்லாத, மலிவான ஒரு டிகோடர். பெட்டிக்குள் இருந்த உதிரி பாகத் தாளை அப்போதுதான் கவனமாகப் பார்த்தேன். அதில் இருந்த எண் வேறு, சவுண்ட் இல்லாத சாதாரணப் பதிப்பின் எண். ஒரே எஞ்சினை இரண்டு பதிப்பாக விற்பது வழக்கம், உடல் ஒன்றுதான். சாதாரண எஞ்சினைச் சவுண்ட் எஞ்சினின் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார். தாளை மாற்ற மறந்துவிட்டார்.

அப்படியானால் வீடியோவில் கேட்டது என்ன? திரும்பப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை கண்ணைவிடக் காதைத் தீட்டிக்கொண்டு. எஞ்சின் மேஜையின் அடுத்த கோடிக்குப் போகிறது, சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. குகைக்குள் நுழைகிறது, அப்போதும் அதே அளவு. ஸ்பீக்கர் எஞ்சினில் இல்லை, கேமராவுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்திருக்கிறது. அடுத்து வீடியோவை மெதுவாக்கிச் சக்கரத்தை எண்ணினேன். இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நீராவியை வெளியே தள்ளும், ஆகவே சுற்றுக்கு நான்கு 'சுக்'. மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. இதில் ஒரு சுற்றுக்கு ஏழு கேட்டது, அடுத்ததில் ஐந்து. சரியாக அமைக்காத நல்ல டிகோடரிலும் எண்ணிக்கை பிசகும், அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. எஞ்சின் நகர்வதற்கு முன்பே சத்தம் மாறுவதும் இயல்புதான், பிரேக் விடும் ஓசைக்காக அப்படிச் செய்வார்கள். ஆனால் இந்த வீடியோவில் சக்கரம் முழுதாக நின்ற பிறகும் இரண்டு 'சுக்' வந்தது. பத்து முறை பார்த்தும் அது என் காதில் விழவே இல்லை.

தளத்தில் புகார் கொடுத்தேன். வெளியே பணம் கட்டியதால் தலையிட முடியாது என்றார்கள். பொருளைத் திருப்பி அனுப்ப அவரே சொன்ன பதினான்கு நாள் கெடு, வால்யூம், கன்ட்ரோலர், ரீசெட் என்று அவர் இழுத்த இழுப்பில் தீர்ந்துபோயிருந்தது. இப்போது யோசித்தால் அந்தப் பதில்கள் எல்லாமே நாளைக் கடத்தத்தான் என்று தோன்றுகிறது.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், வெட்டு இல்லாத ஒரே வீடியோவாகக் கேளுங்கள். டெண்டரையோ பாடியையோ திறந்து டிகோடரையும் ஸ்பீக்கரையும் காட்டட்டும், மூடிவிட்டு அப்படியே தண்டவாளத்தில் வைக்கட்டும். சிவி 8 படிப்பதைக் காட்டுவது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. இஎஸ்யூவே சத்தமில்லாத டிகோடரும் செய்கிறது, அதிலும் 151தான் வரும். எஞ்சினை நிற்க வைத்தபடி சவுண்டை ஆன் செய்யச் சொல்லுங்கள். பிறகு ஸ்பீக்கர் இருக்கும் இடத்தைக் கையால் பொத்தச் சொல்லுங்கள். சத்தம் அமுங்க வேண்டும், கையை எடுத்ததும் திரும்ப விரிய வேண்டும். இதை வெளியிலிருந்து ஒலி போட்டுச் செய்து காட்டுவது கஷ்டம். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

விளம்பரச் சொற்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'டிசிசி ரெடி' என்றால் சாக்கெட் மட்டும்தான், டிகோடர் நீங்கள் வாங்கிப் போட வேண்டும். 'சவுண்ட் ரெடி' என்றால் பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று மட்டுமே பொருள். 'ரிமோட்டில் ஓடும்' என்று போட்டால் என்ன ரிமோட் என்று கேளுங்கள், பேட்டரியில் ஓடும் இன்ஃப்ராரெட் பொம்மையையும் அதே பேச்சில் விற்கிறார்கள். பார்சலைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். அதைப் பதிவு செய்து முடிக்கும் வரை விற்றவர் சொல்கிறார் என்று எந்த சிவியையும் மாற்றாதீர்கள்.

போன வாரம் அதே வீடியோ வேறு பெயரில், வேறு எஞ்சினின் விளம்பரத்தில் வந்திருக்கிறது. படத்தில் இருப்பது கறுப்பு எஞ்சின், வீடியோவில் ஓடுவது பச்சை. அடையாளம் சொல்கிறேன்: மேஜை ஓரத்தில் நீல விரிப்பு, இடது மூலையில் கூரை பெயர்ந்த சிக்னல் கேபின், இருபத்தைந்தாவது வினாடி வாக்கில் எஞ்சின் குகைக்குள் போகும். அப்போது சத்தத்தைக் கேளுங்கள்.