காரைக்குடியில் வடதுருவக் கடல்: தவறவிடக் கூடாத கண்காட்சி, திருத்த வேண்டிய ஒரு குறை

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடொன்றில் நடைபெற்றுவரும், கோங்ஸ்ஃபியோர்டின் கடல்வாழ் உயிர்களைப் பற்றிய கண்காட்சியைப் பிள்ளைகளுள்ள குடும்பங்கள் தவறாமல் பார்க்க வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், ஏறத்தாழ 79 டிகிரி வட அட்சரேகையில், மலைகளுக்கும் பனியாறுகளுக்கும் நடுவே கடல் புகுந்து நிற்கும் இடம் (ஃபியோர்டு) அது. அதன் கரையில்தான் இந்தியா 2008-இல் தொடங்கிய ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் இருக்கிறது.

வளவைச் சுற்றியுள்ள அறைகளில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, உருப்பெருக்கியின் கீழ் வைத்திருந்த காலானஸ் கிளாசியாலிஸ் என்ற துடுப்புக்காலிதான்; இறாலுக்குத் தூரத்து உறவான, மிகச் சிறிய கடலுயிர் இது. அரிசி மணியைவிடச் சிறிய அந்தக் கண்ணாடி உடலுக்குள் எண்ணெய்ப் பை நீளவாக்கில் மின்னுவது தெளிவாகத் தெரிகிறது. வசந்தத்தில் பனிக்கட்டியின் அடிப்புறத்தில் படரும் பாசியை உண்டு முட்டையிட்டு, கோடையில் கொழுப்பைச் சேர்த்து, உணவில்லாத நீண்ட துருவ இரவை ஆழத்தில் கழிக்கும் இந்த உயிரை நம்பியே துருவக் காட் மீனும் கடற்பறவைகளும் வாழ்கின்றன என்பதை, விளக்கம் சொன்ன அம்மையார் அவசரமில்லாமல் புரியவைத்தார். 2014-இல் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி, அங்கே 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நிறுத்திய இண்டார்க் கருவித்தொகுதியின் மாதிரியும் நேர்த்தியானது. கடலடியில் நங்கூரமிட்ட கம்பியில் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கும் உணரிகள் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன.

குறை ஓவியங்களில் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஃபியோர்டு முழுவதும் கெட்டிப்பனி. ஸ்வால்பார்டின் மேற்குக் கரையோரம் ஓடும் மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டத்தின் வெப்பமான அட்லாண்டிக் நீர் உள்ளே புகுவதால், 2006-க்குப் பிறகு பெரும்பாலான குளிர்காலங்களில் பனி உட்பகுதியோடு நின்றுவிடுகிறது என்ற செய்தி, இண்டார்க் பலகையின் அடியில் ஒற்றை வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது. கருவியை அங்கே நிறுத்தியதே இத்தகைய மாற்றத்தை அளக்கத்தான் என்னும்போது, இது சிறிய விடுபடல் அல்ல. அட்லாண்டிக் நீரோடு வரும் காலானஸ் ஃபின்மார்கிகஸ் என்ற இன்னொரு துடுப்புக்காலி, கிளாசியாலிஸைவிட உருவில் சிறியது, கொழுப்பிலும் குறைந்தது. பனிமேல் குவிந்த வெண்பனியில் வளை தோண்டிக் குட்டி ஈனும் வளையச் சீல்களுக்கோ இடமே குறைகிறது. இரு துடுப்புக்காலிகளையும் ஒரே உருப்பெருக்கியின் கீழ் அருகருகே வைத்தால், பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த மாற்றம் விளங்கிவிடும். அமைப்பாளர்கள் இதைச் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நெருக்குவதால், வாரநாள் காலையில் செல்வது நல்லது.